வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒட்டாவா குளிர்காலம்: வெளியே இறங்குவதிலிருந்து பொங்கலுக்கு ஊர் வந்து திரும்புவது வரை

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கனடாவின் தலைநகரம் ஒட்டாவாவில் வேலை கிடைத்திருக்கிறது, பிப்ரவரி முதல் வாரம் கிளம்புகிறாள். நேற்று சாயங்காலம் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் பரப்பி வைத்திருந்த சாமான்களைக் காட்டினார்கள். தடித்த ஸ்வெட்டர் நாலு, மங்கி கேப் ரெண்டு, "உள்ளே போட்டுக்கட்டும்" என்று ஒரு டஜன் பருத்தி பனியன், காலுக்குப் பருத்தி சாக்ஸ் ஒரு கட்டு. "இது போதுமா பாரும்மா, குளுரு தாங்குமா?" என்று கேட்டார்கள். பாதியை எடுத்துத் தனியாக வைத்தேன். ஏன் என்று சொல்லிக்கொண்டே போனதில் ராத்திரி ஒன்பது ஆகிவிட்டது. குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி பக்கமிருந்து இப்படிக் கிளம்புகிறவர்கள் நிறைய பேர் இருப்பதால் அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஒட்டாவாவில் ஒன்பது குளிர்காலம் இருந்திருக்கிறேன். முதல் இரண்டை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே கழித்தேன்: வீடு, பஸ், ஆபீஸ், மறுபடி வீடு, காலண்டரில் ஊர் டிக்கெட் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். அங்கே குளிர்காலம் நவம்பர் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை இழுக்கும், வருஷத்தில் ஏறக்குறைய பாதி. மூன்று வாரம் ஊருக்கு வருவதை நினைத்துக்கொண்டு மற்ற வாரங்களை எல்லாம் அறைக்குள் அடைந்து தள்ளினால் ஆயுளில் பாதியை அப்படியே விட்டுக்கொடுத்த மாதிரி. வெளியே போகலாம், தினமும் போகலாம், சந்தோஷமாகவே போகலாம். அதற்கு நம் ஊர் கற்றுக்கொடுத்த புத்தியே பெரிய உதவி.

முதலில் நேரக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

கத்திரி வெயிலில் நாம் என்ன செய்வோம்? வேலையை விடியற்காலையில் முடிப்போம், பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை தலையை வெளியே நீட்ட மாட்டோம், தெருவில் நிழல் இருக்கும் பக்கமாக நடப்போம், மோர் குடிப்போம். 42 டிகிரியில் வேலூர்க்காரர் யாரும் ஊரை விட்டு ஓடுவதில்லை, வெயிலோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். அதே ஒப்பந்தத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். அங்கே உச்சிப்பொழுதைத் தேடிப் போங்கள். தெருவில் வெயில் விழும் பக்கமாக நடங்கள்.

டிசம்பர் 21 வாக்கில் ஒட்டாவாவில் சூரியன் காலை 7.40க்கு எழுந்து மாலை 4.20க்கு எல்லாம் விழுந்துவிடும், மொத்தப் பகலே எட்டே முக்கால் மணி நேரத்துக்குள். ஆபீஸ் போய் வருகிறவருக்குப் போகும்போதும் அரையிருட்டு, வரும்போது முழு இருட்டு. அதனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிஷத்தை எடுத்து வெளி நடைக்கு ஒதுக்குவதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள், நடையை மட்டும் விடாதீர்கள். இருட்டும் அடைசலும் மனசை எப்படிப் பிடிக்கும் என்பது ஜனவரி வந்தால்தான் தெரியும், அந்த இருபது நிமிஷ வெளிச்சம் அதற்கு நல்ல மருந்து.

ஆனால் அந்த வெயில் தோலுக்கு வைட்டமின் டி தராது. சூரியன் அவ்வளவு தாழ்வாகச் சாய்ந்து வரும். நம்முடைய கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். அங்கே பெரியவர்களுக்குச் சொல்லும் வைட்டமின் டி அளவு ஒரு நாளைக்கு 600 யூனிட். போய்ச் சேர்ந்ததும் டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கேட்டுவிடுங்கள்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்

வானிலை ஆப்பில் இரண்டு எண் வரும். ஒன்று வெப்பநிலை, இன்னொன்று விண்ட் சில், அதாவது காற்றையும் சேர்த்துத் தோலுக்குத் தெரியும் குளிர். மைனஸ் 20 என்று போட்டிருக்கும், கூடவே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது மைனஸ் 33 மாதிரி உறைக்கும். உடம்பைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றை அந்தக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, விஷயம் அவ்வளவுதான். மின்விசிறி நமக்கு மே மாதத்தில் செய்யும் அதே வேலை.

நான் கடைப்பிடிப்பது இது. விண்ட் சில் மைனஸ் 27 வரை, சரியான உடுப்பு இருந்தால் தாராளமாக ஒரு மணி நேரம் வெளியே. மைனஸ் 28லிருந்து 39 வரை என்றால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் உறையலாம், எனவே முகத்தையும் மூடிக்கொண்டு குறுகிய நடை. மைனஸ் 40க்குக் கீழே போய்விட்டால் தோல் உறைய ஐந்து பத்து நிமிஷமே போதும், அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நாள்கள் ஒட்டாவாவில் ஒரு குளிர்காலத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் வரும். ஜனவரியின் சாதாரண நாள் என்பது ராத்திரி மைனஸ் 15, பகலில் மைனஸ் 6 என்ற கணக்கில் இருக்கும். மேகமில்லாமல் காற்றில்லாமல் மைனஸ் 10 என்றால் அருமையான நாள், கட்டாயம் இறங்குங்கள்.

உடுப்பு: பருத்தியை விடுங்கள், இதுதான் கஷ்டமான பாடம்

எங்கள் தாத்தா குடியாத்தத்தில் தறியில் கைலி நெய்தவர். பருத்தி எங்கள் வீட்டில் சோறு போட்ட நூல், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மே மாதத்தில் பருத்தி ஏன் சுகமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வியர்வையை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மைனஸ் 15இல் அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்? வேகமாக நடக்கும்போது முதுகு வியர்க்கும், பனியன் நனையும், நின்ற ஐந்தாவது நிமிஷம் முதுகில் ஈரத்துணி போர்த்தின மாதிரி இருக்கும். சூடு போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் நேற்று அந்த டஜன் பனியனை எடுத்து ஓரம் வைத்தேன். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளட்டும், அங்கே வீட்டுக்குள் எப்போதும் 20, 21 டிகிரி சூடு இருக்கும்.

வெளியே போவதற்கு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலும் கீழும் இரண்டும், அது வியர்வையை வெளியே தள்ளிவிடும். அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்துத் துணிச் சட்டையோ கம்பளி ஸ்வெட்டரோ, காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காப்பது அதன் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். சும்மா நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டுமானால் தொடை வரை இறங்கும், வாத்து இறகு திணித்த பார்க்கா வேண்டும். நடப்பதற்கும் ஸ்கேட்டிங்குக்கும் அது அதிகம், வியர்த்துவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிஷ நடையில் சரியாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கு கூடுதல் என்று அர்த்தம்.

இதையெல்லாம் வேலூரில் வாங்காதீர்கள். நம் கடைகளில் கிடைப்பது ஊட்டிக் குளிருக்கானது. ஊரிலிருந்து ஒரு நல்ல ஸ்வெட்டரும், விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர ஒரு ஜாக்கெட்டும் போதும், மற்றதை அங்கே பழைய துணிக் கடைகளில் வாங்கலாம். பாதிக்கும் குறைந்த விலையில் நல்ல பார்க்கா கிடைக்கும். குழந்தைகளுக்குக் கட்டாயம் அங்கேதான், ஒரே வருஷத்தில் வளர்ந்துவிடுவார்கள்.

கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம், மிட்டன்ஸ் வாங்குங்கள். நாலு விரலும் ஒரே பைக்குள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டு இருக்கும். கடையில் சின்னச் சூட்டுப் பொட்டலங்கள் விற்பார்கள். உள்ளே இருப்பது இரும்புத் தூள், உறையைப் பிரித்துக் காற்று பட்டதும் துருப்பிடிக்க ஆரம்பிக்கும், அதில் வரும் சூடு மணிக்கணக்கில் நிற்கும். மிட்டனுக்குள் ஒன்று போட்டுக்கொண்டால் பஸ் நிறுத்தத்தில் நிம்மதி. தலைக்கு அங்கே டூக் என்று சொல்லும் கம்பளித் தொப்பி, காது மூடியிருக்க வேண்டும். கழுத்துக்குத் துப்பட்டா மாதிரி தொங்கும் மஃப்ளரை விட, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் குழாய்த் துணி வசதி, வேண்டும்போது மூக்கு வரை இழுத்துக்கொள்ளலாம். ஈரத்தலையோடு வெளியே போகவே போகாதீர்கள், முடி கம்பி மாதிரி விறைத்துவிடும்.

காலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது காலில்தான். முதல் வருஷம் கடையில் சரியாகப் பொருந்திய பூட்ஸ் வாங்கினேன், குளிரும் என்று உள்ளே இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டேன். கால் இறுகி ரத்த ஓட்டமே சரியாக இல்லை. அரை மணி பஸ்ஸுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் வலது காலில் இரண்டு விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது, கிள்ளினாலும் தெரியவில்லை. சூடு ஏற ஏற அந்த வலி தேள் கொட்டின மாதிரி இருந்தது. பூட்ஸ் அரை சைஸ் பெரியதாக வாங்குங்கள், உள்ளே தடித்த கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, விரல்கள் ஆடும் அளவுக்கு இடம். கழற்றக்கூடிய உள்பகுதி இருந்தால் இன்னும் நல்லது, ராத்திரி எடுத்து ஹீட்டர் பக்கத்தில் காய வைக்கலாம்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தவர், தோலைத் தொட்டே ரகம் சொல்வார். ஒரு பொங்கலுக்கு நான் போட்டு வந்த பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரல் மடியும் இடத்தில் வெள்ளைக் கோடு, அதன் ஓரம் அலை அலையாகச் சுருங்கி வெடித்திருந்தது. கட்டைவிரலால் தடவி, "உப்பு" என்றார். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள், டேனரியில் முதல் வேலையே அதை ஊற வைத்து அந்த உப்பை வெளியேற்றுவதுதான், இல்லையென்றால் தோல் தோலாகவே வராது என்று விளக்கினார். அங்கே ஐஸ் உருகுவதற்காகச் சாலை முழுக்க உப்பு கொட்டுகிறார்கள், அது திரும்பவும் பூட்ஸுக்குள் ஏறுகிறது. பரிகாரமும் அவர் சொன்னதுதான்: வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், வாரம் ஒரு தடவை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நிழலில் காய வைத்து, மெழுகு தடவ வேண்டும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். அதற்குப் பிறகு வாங்கிய ஜோடி ஐந்தாவது குளிர்காலத்திலும் நன்றாக இருக்கிறது.

நடை

புதுப்பனி அவ்வளவாக வழுக்காது, பயப்பட வேண்டாம். வழுக்குவது உருகி மறுபடி உறைந்த இடம். தார்ச்சாலையில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடித் தகடு மாதிரி படிந்திருக்கும், தண்ணீர் தேங்கின மாதிரி மின்னினால் ஐஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15க்குக் கீழே போனால் சாலை உப்பும் சரியாக வேலை செய்யாது. காலை முழுசாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் பாரம் முன்காலின் மேல் இருக்கும்படி நடங்கள். கையை ஜாக்கெட் பையில் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், விழுந்தால் தாங்க கை வேண்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் ரப்பர் கிடைக்கிறது, அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இறங்கும் முன்பே அதை வாங்கி வையுங்கள்.

முதல் மாதம் இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தினமும் இருபது நிமிஷம். இரண்டு வாரத்தில் உடம்பு பழகும், மைனஸ் 5 வந்தால் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிடுவீர்கள். பழகப் பழகப் பனியிலும் ரகம் தெரியும். மைனஸ் 10க்கு மேல் குளிர்ந்துவிட்டால் காலடியில் பனி கிறீச் கிறீச் என்று கத்தும், ரவையை மூட்டையோடு அழுத்தினால் வருமே அந்தச் சத்தம். சத்தத்தை வைத்தே என் மகன் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவான். பனி விழுந்த மறுநாள் காலை தெருவில் வேறு சத்தமே இருக்காது, அந்த அமைதியை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை.

போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும், உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், புதுப்பனி மேலே விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், நம் ஊர் மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் வராதே அது மாதிரி. குளியலறையில் சின்ன வாயகன்ற டப்பாவில் வைத்து விரலால் எடுத்து, குளித்த ஈரம் காயும் முன் தடவுங்கள். வெடிப்பு வராது.

ஸ்கேட்டிங்: இதற்காகவே ஒட்டாவா

ஒட்டாவா ஊரின் நடுவே ரிடோ கால்வாய் ஓடுகிறது. 1832இல் வெட்டி முடித்தது, யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். குளிர்காலத்தில் அதில் 7.8 கிலோமீட்டர் தூரம் உறைந்து ஸ்கேட்டிங் பாதையாகிவிடும், 1971லிருந்து இப்படி. சில பேர் முதுகில் பையோடு அதிலேயே ஆபீஸ் போவார்கள். கட்டணம் இல்லை. ஐஸ் சுமார் 30 செ.மீ. தடிமன் ஏறினால்தான் திறப்பார்கள், பச்சைக் கொடி என்றால் போகலாம், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் ஐஸ் கெட்டியாகவே இல்லை, வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு நாள் கூடத் திறக்கவில்லை. ஊரே ஒரு மாதிரி வாடிப்போயிருந்தது. எனவே திறந்திருக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேராக அங்கே போய் ஆரம்பிக்க வேண்டாம். நகராட்சியின் உள்ளரங்குகளில் குறைந்த கட்டணத்தில் எல்லோரும் சுற்றும் நேரம் என்று இருக்கும், அங்கே நாலைந்து தடவை பழகுங்கள். ஸ்கேட் உங்கள் ஷூவை விட ஒரு சைஸ் சின்னதாக இருக்கும், கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும். புதிதாக வாங்கியதைச் சாணை பிடிக்காமல் போடாதீர்கள். ஹெல்மெட் போடுங்கள், எந்த வயசானாலும்.

நிற்கும்போது முழங்கால் மடங்கியே இருக்கட்டும், பார்வை முன்னால், கால் மேல் அல்ல. நடக்கிற மாதிரி காலை முன்னே வைத்தால் நகராது. பாதத்தை விசிறி மாதிரி விரித்து வைத்துக்கொண்டு ஒரு காலால் பக்கவாட்டில் பின்னுக்குத் தள்ளி, மற்றக் காலில் வழுக்க வேண்டும். விழப்போவது தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல் குந்திப் பக்கவாட்டில் சரிந்துவிடுங்கள், கைவிரலை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருபவர் பிளேடு படக்கூடாது. எழுவதற்கு முதலில் முட்டிக்கால், ஒரு பாதத்தை ஊன்றி, முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தி எழ வேண்டும். நான் முப்பத்தொரு வயசில் பழகினேன், ஆறாவது தடவை கால்வாயில் ஒரு கிலோமீட்டர் போனேன்.

ஸ்கேட் வராதவர்கள் பூட்ஸோடு ஓரமாக நடந்தே வரலாம். உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சறுக்கு வண்டி வாடகைக்குக் கிடைக்கும். எங்கள் அம்மாவை அதில் உட்கார வைத்து, மேலே கம்பளி போர்த்தித் தள்ளினோம். பாலத்துக்கு அடியில் போகும்போது, "இது மேல தண்ணியா ஓடிச்சு, இன்னாடி சொல்ற?" என்று ரெண்டு தடவை கேட்டார்கள். பாலாற்றை வருஷம் முழுக்க மணலாகப் பார்த்தவர்களுக்கு ஆறு கல்லாவது நம்ப முடியாத காட்சிதான். வழியில் கடைகளில் பீவர் டெயில்ஸ் என்று ஒன்று, மாவைத் தட்டையாக இழுத்து எண்ணெயில் பொரித்து சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவித் தருவார்கள், சூடாக வாங்கி நின்று சாப்பிடுங்கள். நான் தெர்மாஸில் சுக்குக் காப்பி கொண்டுபோவேன். குளிரில் தாகம் தெரியாது, உடம்பு வறண்டுபோகும், அதனால் தண்ணீரும் நினைத்து நினைத்துக் குடிக்க வேண்டும். மது குடித்தால் சூடு ஏறுகிற மாதிரி தோன்றும், உண்மையில் ரத்தக்குழாய் விரிந்து சூடு வெளியே போகிறது.

ஸ்கேட்டிங் பிடிக்காதவர்களுக்கு ஸ்நோ ஷூ இருக்கிறது, பூட்ஸுக்கு அடியில் அகலமான சட்டம் மாட்டிக்கொண்டு ஆழப் பனி மேல் நடப்பது. நடக்கத் தெரிந்தால் போதும். ஒட்டாவா ஆற்றைத் தாண்டினால் க்யூபெக் மாகாணத்துப் பக்கம் கட்டினோ பார்க், காட்டுக்குள் விறகடுப்பு எரியும் சின்னச் சின்ன இளைப்பாறும் குடில்கள் இருக்கும், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்ட சுகம் தனி. ஸ்கீ என்னும் சறுக்குப் பலகை ஓட்டக்காரர்களுக்கு என்று கோடு போட்ட தடத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள், தடம் கெட்டுவிடும். குழந்தைகளுக்கு மேட்டிலிருந்து தள்ளு பலகையில் சறுக்குவது. உட்கார்ந்து, கால் முன்னால், ஹெல்மெட்டோடு, கீழே மரமோ சாலையோ இல்லாத மேடாகப் பார்த்து.

ஐஸை நம்புவதற்கு முன்னால்

காவலும் கொடியும் இல்லாத ஏரியில், குளத்தில் இறங்காதீர்கள். ஒரு ஆள் நடக்கக் குறைந்தது 15 செ.மீ., கூட்டமாக விளையாட 20 செ.மீ. தெளிந்த நீல ஐஸ் வேண்டும் என்பது கணக்கு. பால் மாதிரி வெளுத்த ஐஸுக்குப் பாதி பலம்தான், சாம்பல் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, கிட்டேயே போகாதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் என்ற பயத்துக்கு மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கும் 1-10-1 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர, பத்து நிமிஷம் கை கால் சொன்னபடி கேட்கும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் குளிரில் நினைவு தப்பும். ஆகவே பதறாமல், வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து வயிற்றால் ஐஸ் மேல் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

விரல், மூக்கு, காது நுனி வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே வாருங்கள். தேய்க்கக்கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், 37லிருந்து 39 டிகிரி வெந்நீரில் முக்கி வைக்கவும், பதத்தை மரத்துப்போகாத இன்னொருவர் பார்க்கட்டும். கொப்புளம் கண்டாலோ நிறம் திரும்பாவிட்டாலோ ஆஸ்பத்திரி. கூட வந்தவர் நடுங்கி நடுங்கிப் பேச்சு குழறினால், தடுமாறினால் அவசர உதவி எண் 911க்குக் கூப்பிடுங்கள்.

நடுவில் வெயிலுக்கு ஒரு ஓட்டம்

அங்கே எல்லோரும் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வாரம் கியூபா, மெக்ஸிகோ, டொமினிகன் ரிபப்ளிக் என்று போவார்கள். நாலைந்து மணி நேர விமானம், சாப்பாடு அறை எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கரீபியனில் புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை, அதனால் குளிர்காலத்தில் அங்கே நல்ல காலம். லீவு ஒரே வாரம்தான் என்றால் அதற்கே போங்கள், கடலும் வெயிலும் உண்மையாகவே தெம்பு தரும். மூன்று வாரம் கிடைத்தால் நம் ஊர்தான், பொங்கலை ஒட்டி. தை மாதம் வேலூர் சீமையில் பகல் 30 டிகிரியை ஒட்டி, விடியலில் 20க்குக் கீழே. வருஷத்திலேயே இந்த ஊர் இதமாக இருக்கும் நாள்கள் இவை. அங்கே அதே நாள்களில் குளிர் உச்சத்தில், கால்வாய் பெரும்பாலும் இன்னும் கெட்டியாகிக்கொண்டிருக்கும். மார்ச்சுக்குத் தள்ளினால் இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுவிட்டு ஜனவரி முதல் வாரம் கடந்து கிளம்பினால் டிக்கெட் விலையும் பெரும்பாலும் இறங்கும்.

கிளம்பும் முன் வீட்டு ஹீட்டரை அணைக்கவே கூடாது, 15 டிகிரியிலாவது வைத்துவிட்டு மெயின் தண்ணீர் வால்வை மூடுங்கள். குழாய் உறைந்து வெடித்தால் வீடே நாசம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை நண்பரை வந்து பார்க்கச் சொல்லுங்கள், வீட்டு இன்ஷூரன்ஸில் இதற்கு நிபந்தனை இருக்கும், படித்துப் பாருங்கள். ஜாக்கெட், மிட்டன்ஸ், தொப்பி மூன்றையும் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் அமுக்கி வையுங்கள், பூட்ஸைக் காலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி இறங்கும்போது பெட்டி வராமல் போனாலும் மைனஸ் 20இல் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஒட்டாவாவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், ராத்திரி பகலாகிவிடும். வந்த முதல் மூன்று நாள் காலை ஏழு மணி வெயிலில் மொட்டை மாடியில் நில்லுங்கள், தூக்கம் சீக்கிரம் சரியாகும். உடம்பு வெயிலை மறந்திருக்கும், ஒரு வாரம் தண்ணீர், இளநீர் தாராளமாக. அப்புறம் சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபம் என்று மூன்று வாரத்தையும் கூரைக்கடியில் கழித்துவிடாதீர்கள். மாட்டுப் பொங்கலையொட்டி மாடு விடும் விழா ஆரம்பிக்கும், தடுப்புக்கு வெளியே தள்ளி நின்று பாருங்கள். ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அங்கே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு நடங்கள், அமிர்தி காட்டுக்கு ஒரு நாள், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஒரு நாள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் வானத்தின் கீழே ராத்திரி நின்று நட்சத்திரம் பார்த்தால் பனிக்காட்டு ராத்திரிக்குச் சளைத்ததில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் சந்தைக்கு வந்திருந்தால் விடாதீர்கள், அந்தக் கத்தரிக்காய் அங்கே எந்த இந்தியக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பிப் போன மறுநாள்

இதுதான் கஷ்டமான நாள், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, போய்ச் சேர்ந்த மறுநாள் மதியத்துக்கு ஒரு நண்பரோடு வெளியே சந்திப்பதாகப் பேசி வைத்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், ஊறுகாய் பாட்டில் உடைந்ததா என்று பார்க்க வேண்டாம். தெர்மலை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். பிப்ரவரியில் பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும், வின்டர்லூட் திருவிழாவும் அப்போதுதான், 1979லிருந்து நடத்துகிறார்கள், ஐஸைச் செதுக்கிச் சிலை செய்வார்கள்.

போன வருஷம் நாங்கள் இறங்கிய மறுநாள் மைனஸ் 12, காற்றில்லை. மகனுக்குப் பாதித் தூக்கம், என் பையில் ஆற்காடு மக்கன் பேடா ஆறு. கால்வாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்கேட் கயிறு கட்டும்போது பிரித்தால் பேடா கல்லாகியிருந்தது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அது மெதுவாக இளகிச் சர்க்கரைப் பாகு இறங்க இறங்க, பச்சைக் கொடியைத் தாண்டி இரண்டு பேரும் தள்ளினோம்.